கண் திறப்பு

புது அம்மன் சிலைக்குக் கண் திறக்கும் நாள். திறந்த கண் முதலில் ஒரு சிறுமியைத்தான் பார்க்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். திரைக்குள் சிற்பியும் அந்தச் சிறுமியும் மட்டும் இருப்பார்கள். திருவுளச்சீட்டில் கோமுவின் மகள் பெயர் விழுந்தது.

கோமு மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். போன மாதம் இந்தச் சிற்பியின் பட்டறைக்குத் தண்ணீர் கொண்டுபோன சந்தனமாரியின் மகள், அன்றிலிருந்து பேசுவதேயில்லை. சந்தனமாரி ஊர்க்கூட்டத்தில் முறையிட்டபோது முந்திக்கொண்டு எழுந்தவள் கோமுதான்.

"ஆளு வேற, வேல வேறல்லா? அம்மன் மொகத்தப் பாருங்க. அது தெய்வக் கையாக்கும்!"

கூட்டம் தலையாட்டியது. குடித்துவிட்டு வந்தான் என்று மேளக்காரனைக் கோயில் வாசலையே மிதிக்க விடாமல் துரத்திய அதே கூட்டம்.

"நானும் உள்ள வாரேன் சாமி," என்றாள் கோமு.

"பெத்தவ நிக்கக் கூடாதும்மா," என்றார் பூசாரி. "தெய்வக் கைன்னு சொன்னவளே நீதான?"

அவர் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே விட்டார். திரை விழுந்தது. உளிச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"பயப்படாத பாப்பா. இன்னும் கிட்ட வா," என்றது சிற்பியின் குரல்.

கோமு அலறினாள். கண் திறந்தாயிற்று என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவையிட்டார்கள். ஓரத்தில் வாய் திறக்காமல் நின்ற சந்தனமாரிக்கு மட்டும், அதில் ஒரு குரல் குலவை இல்லை என்று தெரிந்தது.