அதே மாதிரி இன்னொன்று

"வோல்ட் ஒண்ணா இருந்தா போதும் மேடம். வயர் நீளத்தை வச்சு லேப்டாப் என்ன பண்ணப் போகுது?"

கடைக்காரர் இன்னொரு அடாப்டரைப் பெட்டியிலிருந்து உருவிக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். அதற்குள் மேஜை முழுக்கப் பிரித்துப்போட்ட பெட்டிகள். கீழ்த்தட்டில் அவருடைய மதியச் சாப்பாடு, மூடி திறந்தபடியே ஆறிக்கொண்டிருந்தது.

எதிரே நின்ற பெண் கையிலிருந்த பழைய அடாப்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

"இது ஒரு சாண் குட்டை."

"குட்டையா இருந்தா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துக்கலாம். இதுக்குப் போய் கடையையே கவுக்கணுமா?" என்றார் கூட வந்தவர்.

"நீங்க சும்மா இருங்க. மேஜையை எங்க போட்டிருக்கீங்க?"

"ஜன்னல் பக்கம்."

"வெயில் நேரா முகத்துல அடிக்குமே. கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"திரை போட்டாச்சு."

"நீங்க போட்ட திரைதானே. ரெண்டு நாள்ல கழண்டு கையோட வரும்."

வீடு மாற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அந்த அலுப்பையெல்லாம் தன் தலையில் வந்து இறக்குகிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. வேறொன்றை எடுத்து, அவர்கள் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் சொருகினார். நுனியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாருங்க, சார்ஜ் ஏறுது. வயரும் நீளம். போதுமா?"

"பழசுல நீல லைட்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மேடம், இந்தக் கடை வச்ச நாள்லேர்ந்து, லைட் கலர் பார்த்து அடாப்டர் வாங்க வந்தவங்களை நான் பார்த்ததே இல்லை."

"அவ அப்படித்தான் சார். கடைக்காரருக்குக் கண்ணுல தண்ணி வந்தாத்தான் அவளுக்குச் சாமான் வாங்கின மாதிரி இருக்கும்."

"நீங்க கண்ணை மூடிட்டு வாங்கிட்டு வந்த இஸ்திரிப்பெட்டி என்ன ஆச்சு? புகைஞ்சு என் புடவை போச்சு."

"அது எந்தக் காலத்துக் கதை. இன்னுமா அதைத் தூக்கிட்டு அலையறே?"

"புடவை என்னோடது. அதான் ஞாபகம் இருக்கு."

இவர்களை விட்டால் இன்றைக்கு இங்கேயே குடித்தனம் நடத்திவிடுவார்கள் என்று தோன்றியது கடைக்காரருக்கு. ஏணியைச் சாய்த்துப் பரண் மேல் ஏறினார். தூசி மூக்கில் ஏறித் தும்மல் தும்மலாக வந்தது. மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாகப் புரட்டினார். கடைசியில் ஒரு மூலையில் அகப்பட்டது. அதே கம்பெனி, அதே பின், அதே நீளம்.

இறங்கி வந்து சொருகினார். நீல விளக்கு எரிந்தது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். லேப்டாப்பின் மூடியில் பாதி கிழிந்த பூனைப் படம் ஒட்டியிருந்தது.

"குழந்தையோடதா?" என்றார் கடைக்காரர், கொஞ்சம் இறங்கி வந்து.

"பொண்ணோடது. அஞ்சாவது படிக்கிறா" என்றாள் அவள்.

"வயரைப் பிடிச்சே லேப்டாப்பை இழுப்பா சார். தாங்குமா?" என்று கேட்டார் அவர்.

"யானை இழுத்தாலும் தாங்கும். எடுத்துட்டுப் போங்க."

கூட வந்தவர் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார். அவள் அதை வாங்கிப் பிரித்து, பழையது எப்படிச் சுருட்டியிருந்ததோ அப்படியே திரும்பச் சுருட்டினாள்.

"பில் போட்டுடறேன். பழசைக் குடுங்க, பழைய சாமானோட சேர்த்துத் தள்ளிவிட்டுடறேன்" என்று கடைக்காரர் கையை நீட்டினார்.

அவள் சட்டென்று அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "வேண்டாம். இது நல்லாத்தான் ஓடுது."

கடைக்காரரின் பொறுமை அத்தோடு போயிற்று.

"நல்லா ஓடுதா? அப்புறம் எதுக்கும்மா சோறு தண்ணி இல்லாம என் உயிரை வாங்கினீங்க? ஒரு பொண்ணு, ஒரு லேப்டாப், அதுக்கு எதுக்கு ரெண்டு அடாப்டர்?"

கூட வந்தவர் வாசல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள்தான் பதில் சொன்னாள்.

"கோர்ட்டுல எங்களுக்கு முடிவாயிடுச்சுங்க. இந்த வாரத்துலேர்ந்து சனி, ஞாயிறு அவ அப்பா வீட்டுல இருப்பா. எந்த வீட்டுல உட்கார்ந்தாலும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியக் கூடாது, அதான்."