வலி ஜாஸ்தியா?

இரங்கல் கூட்டம் மருந்துக்கடையிலேயே நடந்தது. கடைக்காரர் பட்டாளத்தில் காதைத் தொலைத்துவிட்டு வந்து, முப்பது வருஷம் தெருவுக்கே மருந்து கொடுத்தவர். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் வாய் வரவில்லை.

மூட்டுவலி மாத்திரைக்கு மாதாமாதம் இங்கேதான் வருவேன். சீட்டை நீட்டினால், ஒவ்வொரு அட்டையிலும் காலாவதித் தேதியை மூன்று தடவை பார்ப்பார். கால் கடுக்க நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காதுதான் கேட்காதே என்ற தைரியத்தில், சிரித்த முகத்தோடு அவருக்கு நேராகவே, "செவிட்டுப் பொணமே, சீக்கிரம் குடுத்துத் தொலை" என்பேன்.

அவர் சம்பந்தமில்லாமல், "இன்னிக்கு வலி ஜாஸ்தியா?" என்பார்.

ஒரே ஆறுதல், நான் திட்டியது எதுவும் அவர் காதில் விழவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் மனைவியிடம், "காது கேக்காம எப்படிக்கா கடையைச் சமாளிச்சார்?" என்றேன்.

"காது எதுக்குத் தம்பி? எதிர்ல நிக்கிறவங்க உதட்டைப் பார்த்தே ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுக்குவாரே! மூட்டுவலிக்காரர் நீங்கதானே? 'பாவம், வலி தாங்காம பேசறார்'னு சொல்வார். போன மாசம் நீங்க வந்துட்டுப் போனதும், உங்களுக்குன்னுதான் இந்த ஸ்டூலையே வாங்கிப் போட்டார்."

சட்டென்று எழுந்துவிட்டேன்.

"உட்காருங்க தம்பி" என்றார் அக்கா. "இன்னிக்கு வலி ஜாஸ்தியா?"