நீல முகத்து விருந்தாளி

மகள் கல்யாண விருந்துக்குச் சாப்பாடு பத்துமா என்ற கவலையில், மலேசியத் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர் தங்கையாவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. மணப்பெண் சுபத்ரா அவரை உட்காரவைத்துப் படம் வரைந்தாள். வானம் ரத்தச் சிவப்பு. தேயிலை வரிசைகள் பாம்பாக நெளிந்தன. நடுவில் நீல முகத்தோடு ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“என் மூஞ்சி இப்படியாம்மா இருக்கு?”

“மூஞ்சி இல்லப்பா. உங்க வயித்துக்குள்ள ஒரு கவல கெடந்து உருளுதே, அதத்தான் வரைஞ்சேன்.”

அன்றைக்கே தங்கையா மூன்று தட்டுச் சோறு தின்றார். படத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் எல்லோரும் ரிங்லெட் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே தங்கையா சம்பந்தியையும் இழுத்துக்கொண்டு உறுமி மேளத்துக்கு ஆடித் தீர்த்தார்.

விருந்து முடியும் நேரத்தில் சமையல்காரர் அஸார் ஓடிவந்தார். “அண்ணே, உங்க கூடப் பொறந்தவர கொஞ்சம் கூப்பிடுங்க லா. பத்துமா பத்துமான்னு உயிர எடுக்கிறாரு. அண்டாவ விட்டு நகரமாட்டேங்கிறாரு.”

தங்கையாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. போய்ப் பார்த்தார். அதே நீல முகம், அதே கைப்பிசைவு. தங்கையா நாற்காலியை இழுத்துப் போட்டு, இலை விரித்து, தானே பிரியாணி பரிமாறினார்.

“சாப்பிடுங்க. எல்லாரும் சாப்பிட்டாச்சு. இன்னும் அரை அண்டா இருக்கு.”

வந்தவர் நிதானமாகச் சாப்பிட்டார், இலையை மடித்தார், வெளியே பெய்த மழையில் இறங்கி நடந்தார். மடித்த இலையின் மேல் ஐந்து விரல்கள் ஈர நீலச் சாயத்தில் பதிந்திருந்தன.