ஒன்பது வாட் வெளிச்சம்

ஹாலில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. புதுக் குடித்தனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எலக்ட்ரீஷியன் ஏணியும் தோளுமாகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

"ஏணிக்கு இடம் வேணும்னு போன்ல சொன்னீங்களேன்னு சாமானைக் கட்டி ஹால்ல வச்சுட்டேன், இது போதுமா?" என்றாள் அந்த வீட்டு அம்மாள்.

"தாராளம்மா, தாராளம்!"

அவர் கவலை இடத்தைப் பற்றியதல்ல. அந்தக் கட்டடத்தில் இருபத்துநான்கு வீடுகள். 'மூணாவது மாடி அம்மா வீட்ல முதல்ல மாட்டிக் காட்டுங்க. அவங்க சரின்னுட்டா எல்லா வீட்டுக்கும் உங்க எல்.இ.டி.தான்' என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டிருந்தார். இரண்டு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழைய குண்டு பல்பில் கை வைத்தார். எண்ணெய்ப் புகை படிந்து படிந்து அது கம்பளிச் சட்டையே போட்டிருந்தது. துணியால் பிடித்துத் திருகியதில் பல்பு வந்துவிட்டது. துணிதான் பல்பை விட்டு வரமாட்டேன் என்றது.

புதியதை மாட்டிவிட்டு எட்டிச் சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை.

"அதை ரெண்டு தட்டு தட்டணும். ரெண்டாவது கொஞ்சம் ஓங்கி" என்றாள் அம்மாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பளீர்!

எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடியே மூக்கைப் பொத்திக்கொண்டார். வெளிச்சத்துக்கு நாற்றம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். கண் பார்த்ததை மூக்கு அப்படியே நம்பிவிட்டது.

அடுப்புக்கு மேலே சுவரில் எண்ணெய் வழிந்து, காய்ந்து, காய்ந்ததன் மேல் மறுபடியும் வழிந்து, விரல் மொத்தத்துக்குத் தொங்கியது. எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளில் கரடி ரோமம். அலமாரியின் தலையில் பல்லி எச்சம் மலைத்தொடராக நீண்டிருக்க, அதன் அடிவாரத்தில் ஒரு கரப்பான்பூச்சி மீசையை ஆட்டியபடி 'யார்யா அது லைட்டைப் போட்டது?' என்று முறைத்தது. ஓடக்கூட இல்லை. வீட்டு ஓனர் தோரணை!

"உவ்வே! இதுக்கு முன்னாடி இங்க இருந்தது மனுஷங்களாம்மா?"

அம்மாளின் முகம் வெளுத்தது. பல்பின் உபயம் என்று எலக்ட்ரீஷியன் எடுத்துக்கொண்டார்.

"இந்த வெளிச்சம் கண்ணைக் குத்துதுங்க. பழசையே மாட்டிடுங்களேன்" என்றாள்.

இருபத்துநான்கு வீடுகளும் அவர் கண்முன் ஒவ்வொன்றாக அணைந்தன. "ஐயையோ, என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க! அது அறுபது வாட் தின்னுச்சு, இதுக்கு ஒம்பது வாட் போதும். சூடு கிடையாது, சமைக்கிறப்ப உச்சந்தலை காயாது. வருஷக்கணக்குல உழைக்கும்."

"எங்க தங்கச்சி வீட்ல ஆறே மாசத்துல மினுக் மினுக்குன்னுச்சு. ரிப்பேரும் பண்ண முடியாதுன்னாங்க, தூக்கித்தான் போட்டா. விலையும் ஜாஸ்தி."

"ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். அது மட்டச் சரக்கா இருக்கும், நம்மளுது அப்படி இல்ல."

"மஞ்ச வெளிச்சத்துலயும் வருதாமே? கொஞ்சம் மங்கலா?"

"வருது. ஆனா சமையக்கட்டுக்குப் போய் அதைக் கேக்குறவங்க அழுக்கை மறைக்கிறவங்கம்மா!"

அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மனசு கரைகிறது என்று கணக்குப் போட்ட எலக்ட்ரீஷியன், பல்பின் பெருமையைப் பாட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அலமாரித் தட்டில் விரலை வைத்து இழுத்தார். விரல் ஒட்டிக்கொண்டது. பிடுங்கியபோது 'சப்' என்று சத்தம் வந்தது.

"பாருங்க! இதை வழிச்செடுத்தா ஒரு வாரத்துக்கு அப்பளம் பொரிக்கலாம். த்தூ! இந்தக் கையால எப்படிம்மா நான் சாப்பிடுவேன்? பழைய பல்பா இருந்திருந்தா இந்த அசிங்கம் தெரிஞ்சிருக்குமா? இதுக்குள்ளயே ஆக்கி, இதுக்குள்ளயே தின்னிருக்குதுங்க. மாட்டுத் தொழுவம்கூட இதைப் பாத்தா மூக்கைப் பிடிச்சுக்கும்!"

"ஆமா... பல்பு நல்லாத்தான் காட்டுது" என்றாள் அம்மாள், மெல்ல.

எலக்ட்ரீஷியனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று படிகளை ஒரே எட்டில் தாண்டி இறங்கினார்.

"அப்படிச் சொல்லுங்க! செயலாளர்கிட்டயும் இதையே சொல்லிடுங்கம்மா. எனக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. இந்தச் சமையக்கட்டுல குப்பை கொட்டின அந்த மகராசி முகத்தை, இதே வெளிச்சத்துல ஒரு தடவை நேருக்கு நேரா பாத்துடணும்!"

அம்மாள் இரண்டடி நகர்ந்து பல்புக்கு நேர்கீழே வந்து நின்றாள். முகத்தை நிமிர்த்தினாள்.

"நல்லா பாத்துக்குங்க. பதினெட்டு வருஷமா நான்தான்."