கத்தரிப்பூ நிறம்

கத்தி அடித்து முடித்தாயிற்று. நிறம் பார்த்து எடுப்பதுதான் பாக்கி.

லாரியின் வில்பட்டையை அறுத்து மூன்று நாள் அடித்த கத்தி. இரண்டு சாண் நீளம், அரைச் சாண் அகலம். மாட்டுத் தொடையெலும்பு ஒரே போடில் பிளக்க வேண்டும் என்று கறிக்கடைக்காரி கேட்டிருந்தாள். சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கித் தோய்ச்சலும் போட்டுவிட்டார் பட்டறைக் கிழவர்.

தோய்ச்சல் போட்ட கத்தி கண்ணாடி மாதிரி. அப்படியே கொடுத்தால் எலும்பில் பட்டதும் தெறிக்கும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்து, விளிம்பில் நிறம் ஏறுவதைப் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் வைக்கோல் நிறம். அப்புறம் செம்பு. அப்புறம் கத்தரிப்பூ. அங்கே எடுக்க வேண்டும். முந்தினால் உடையும். பிந்தி நீலத்துக்குப் போனால் வெண்ணெய் வெட்டத்தான் ஆகும்.

இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கண்தான் இல்லை. இரண்டிலும் புரை. உலகமே சாம்பல்.

மனைவி இருந்தவரை எதிரில் குந்தி அவள்தான் நிறம் சொன்னாள். அவள் போய் இரண்டு வருஷம். அன்றிலிருந்து மூச்சை எண்ணி, குத்துமதிப்பாக எடுத்துக் கைப்பிடி மாட்டிக் கொடுத்துவிடுகிறார். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த தெருப் பட்டறைக்காரன் தமுக்கு அடித்துவிடுவான். ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொன்ன மகளிடம், கண்ணை நோண்டுகிறவனை எல்லாம் நம்புவதற்கில்லை என்று சொல்லி வாயை அடைத்தார்.

ஆனால் இவ்வளவு பெரிய கத்திக்கு மூச்சு எண்ணினால் சரிப்படாது.

கறிக்கடைக்காரியோ காலையிலிருந்து நகரவில்லை. வேலை நேரத்தில் யார் வந்து நின்றாலும் தொழிலைத் திருட வந்தவன் என்று விரட்டுகிறவர்தான். இவளிடம் பலிக்கவில்லை. தன் கத்தி தன் கண்ணெதிரே ஆகட்டும் என்று ஒரே பிடியாக உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, புகையில கண்ணு எரியுது. ஓரத்துல கத்தரிப்பூ நிறம் வந்ததும் சொல்லு."

அவள் அவர் முகத்தையே பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

காய்ந்த இரும்புக் கட்டிமேல் கத்தியின் முதுகை வைத்தார். நம்பிவிடுவாரா என்ன? உள்ளுக்குள் மூச்சையும் எண்ணினார்.

முப்பத்தெட்டாவது மூச்சில் எடுக்கச் சொன்னாள்.

அவர் எண்ணிக்கைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. இருந்தாலும் கண் உள்ளவள் சொல்கிறாள். எடுத்துத் தண்ணீரில் முக்கினார்.

பிறகு நடந்ததெல்லாம் கை வேலை. கை பொய் சொல்லாது. கட்டைக் கைப்பிடி பொருத்தி, மூன்று ஆணி இறுக்கி, முழங்கை மயிரை வழிக்கிற வரைக்கும் சாணை பிடித்தார். கத்தியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. துணி சுற்றிய எதையோ அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

விரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டு. தடவினார். முதுகோரத்தில் மூன்று புள்ளி. அவர் தன் அடையாளமாகக் குத்திய புள்ளி. முறிந்த இடம் இம்மிகூட வளையாமல் கண்ணாடியாகப் போயிருந்தது. வைக்கோலிலேயே எடுத்த இரும்பு.

"போன வருஷம் உங்ககிட்ட வாங்கின கத்தி, பெரியவரே. எங்க வீட்டுக்காரர் கழுத்துலேர்ந்து டாக்டர் எடுத்து, பொணத்தோட சேத்துக் குடுத்தாரு."

குரலில் அழுகை இல்லை. தராசு பார்த்து எடை சொல்லுகிற குரல்.

வெட்டுக்கட்டைமேல் கனமாக ஒன்றை வைத்தாள். தொடையெலும்பு. வாங்குகிறவர் கேட்டால், புதுக் கத்தியைச் செய்தவன் முதல் போடு போட்டுக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம்.

அவள் எடுக்கச் சொன்னபோது விளிம்பில் என்ன நிறம் இருந்தது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்லுவாள். அதை நம்ப வேண்டுமே.

வெட்டாமல் விட்டால், கண் தெரியவில்லை என்று தன் வாயால் ஒப்புக்கொண்ட மாதிரி.

கிழவர் கத்தியை ஓங்கினார்.

அவளுடைய செருப்புச் சத்தம் மெதுவாக வாசலைத் தாண்டிப் போய், வெளியே நின்றது.