எல்லைக்கு அப்பால் ஒரு மாடி

“இன்னைக்கும் அந்த மாடியில போய் இறங்குச்சுன்னா, அப்புறம் உங்களை மைதானத்துக்குள்ள விட முடியாது சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

சொல்லி முடிப்பதற்குள் செயலாளருக்கு வியர்த்துவிட்டது. ரேடியோ விமானம் ஓட்டுபவர்களின் சங்கத்தில், சர்வேயரிடம் அப்படிப் பேசும் துணிச்சல் வேறு யாருக்கும் கிடையாது. ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகியும், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு முதுகு வளையாமல் வந்து நிற்கிற மனிதர் அவர்.

சர்வேயர் தலை நிமிரவில்லை. விமானத்தின் இரண்டு இறக்கைகளையும் குழாயில் கோத்து, திருகுகளை விரல் நுனியால் முடுக்கிக்கொண்டிருந்தார்.

செயலாளர் விளக்கினார். மூன்று ஞாயிறாக ஒரே வீடு. கிழக்குச் சுவருக்கு அப்பால், பச்சைக் கதவு போட்ட வீடு. அந்த வீட்டார் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் போதும், சங்கத்துக்கு இந்த மைதானமே இல்லாமல் போய்விடும்.

“பேட்டரி தீர்ந்துபோச்சு தம்பி. மூணு தடவையும் அதுதான்,” என்றார் சர்வேயர்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பல் டாக்டர் சும்மா இருக்கவில்லை. “ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாம அளந்தவரு, நம்ம மைதானத்து எல்லையில மட்டும் கோட்டை விடுறாரே. ஆனா ஒண்ணு சார், உங்க விமானத்துக்கு நல்ல கண்ணு. அந்த வரிசையில எல்லா மாடியிலயும் துணி காயுது. காலியா இருக்கிற ஒரே மாடியாப் பார்த்து இறங்குது.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சர்வேயர் சிரிக்கவில்லை.

முதலில் கையிலிருந்த ரிமோட்டை இயக்கினார். பிறகு விமானத்தில் பேட்டரியை இணைத்தார். ரிமோட்டின் குச்சிகளை அசைத்து, இறக்கை மடிப்பும் வால் மடிப்பும் சரியான பக்கம் திரும்புகின்றனவா என்று பார்த்தார். அடுத்து மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு யாராவது வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டாக்டருக்கு அவர் மனைவி பிடிப்பார். செயலாளருக்கு அவர் தம்பி. சர்வேயர் தரையில் ஒரு முளை அடித்து, வாலைக் கயிற்றால் அதில் கட்டினார்.

“நான் பிடிக்கட்டுமா சார்?” என்று டாக்டர் எழுந்தார்.

“வேண்டாம். பழகின கையா இருக்கணும்.”

“உங்க வீட்டுல பழகின கை யாரும் இல்லையா?”

“இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு அவர் விசையைக் கூட்டினார். மேற்கொண்டு யாரும் கேட்க முடியாதபடி மோட்டார் இரைந்தது.

விமானம் பத்தடி ஓடி மேலே எழும்பியது. பெரிய வட்டம் ஒன்று போட்டது. நேராகப் போய்க்கொண்டே மூன்று முறை உருண்டது. ஒரு இறக்கை மண்ணையும் மற்றது வானத்தையும் பார்க்க, பக்கவாட்டில் படுத்தபடியே மைதானத்தைக் கடந்தது. டாக்டர் கேலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

அப்புறம் அது கிழக்கே திரும்பியது.

“சார், வேண்டாம். திருப்புங்க,” என்றார் செயலாளர்.

சர்வேயரின் கட்டைவிரல்கள் நடுங்கவில்லை. விமானம் சுவரைத் தாண்டியது. பச்சைக் கதவு வீட்டுக்கு மேலே மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, அந்தரத்தில் ஒரு கணம் தொங்கியது. அப்படியே மெல்லத் தாழ்ந்து, மாடியின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்தது.

“பேட்டரி,” என்றார் சர்வேயர்.

மாடிக்கு ஒரு பெண் வந்து, விமானத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் தலை மறையும்வரை சர்வேயர் கண்ணை எடுக்கவில்லை. விமானத்துக்கு அடிபட்டதா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டார் செயலாளர்.

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார். “விதின்னா விதிதான் தம்பி. எனக்காக யாரும் வளைக்க வேண்டாம்.”

“விமானத்தையாவது நீங்களே போய் வாங்கிக்குங்க சார். ஒரு மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இருக்கும்.”

“வாசல்ல போய் நிக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது.”

செயலாளருக்குச் சுருக்கென்றது. செய்வதையும் செய்துவிட்டு வீறாப்பு வேறா என்று முணுமுணுத்துக்கொண்டே, நான்காவது முறையாக அந்த வீட்டுக்கு நடந்தார்.

அவள் கதவருகே காத்திருந்தாள். காலடியில் பிழிந்த துணிகள் ஒரு வாளி நிறைய இருந்தன. விமானத்தின் மூக்கு தன் பக்கம் வராதபடி, இறக்கைக்கு அடியில் கைகொடுத்துப் பிடித்திருந்தாள். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருந்தாள்.

விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லை. செயலாளர் பழக்கதோஷத்தில், சாவிக்கொத்தில் தொங்கிய சிறு அளவுமானியைப் பேட்டரியில் செருகினார். அறுபத்து நான்கு சதவீதம் என்று காட்டியது. கழற்றி மறுபடி செருகினார். அதே அறுபத்து நான்கு.

குழப்பத்தோடு, வந்த வேலையை முடித்தார். “நாலு வாரமா உங்களுக்குத் தொந்தரவு. மன்னிக்கணும்மா. அவரை இன்னையோட நிறுத்தியாச்சு. இனிமே உங்க மாடிக்கு எதுவும் வராது.”

அவள் அவருடைய தோளுக்கு மேலாக மைதானத்தைப் பார்த்தாள். அங்கே முழுக்கைச் சட்டைக்காரர் தனியாகக் குனிந்து முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“அப்படிச் செஞ்சுடாதீங்கண்ணா,” என்றாள். “என் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு எட்டு வருஷம் முன்னால சொன்னவரு. சொன்ன சொல்லை மாத்த அவருக்குத் தெரியாது. அடுத்த ஞாயித்துக்கிழமையும் துணிக்கொடியை அவுத்து வச்சிருப்பேன்னு மட்டும் எங்கப்பாகிட்டச் சொல்லுங்க.”