ஆக்னஸின் வலது கன்னம்

"ஒரு தழும்புகூடத் தெரியப்பிடாது அண்ணாச்சி. கன்னம் கண்ணாடி மாதிரி வரணும்" என்றாள் அல்போன்சா.

காமிராவின் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் மகள் ஆக்னஸ் தலை நிமிரவில்லை. அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன. சின்ன வயதில் வந்த அம்மை வலது கன்னம் முழுக்கக் குழி பறித்துவிட்டுப் போயிருந்தது.

"படத்துல பென்சில் வச்சுத் தழும்பை மெழுகி மறைக்குத வேலை எங்கிட்ட கிடையாது. உள்ளது உள்ளபடிதான் எடுப்பேன்" என்றார் போட்டோகிராபர் ஜேசுபாதம்.

"மாப்பிள்ளை பாத்துட்டு வேண்டாம்னுட்டா? நாளைக்குத் தோணியில படம் கொழும்புக்குப் போயாகணும்." அல்போன்சா மடியிலிருந்து மாப்பிள்ளையின் படத்தை எடுத்து நீட்டினாள். "அங்கன ரெண்டு கடை வச்சிருக்காரு. மூத்த தாரம் செத்துப்போச்சு. வயசு முப்பத்தஞ்சுதான்."

ஜேசுபாதம் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கன்னத்தில் பென்சில், மீசையில் மை. பூசியவன் கழுத்தை மறந்துவிட்டிருந்தான். அது உரித்த கோழிபோலத் தொங்கியது.

"கழுத்துக்கு மட்டும் அறுபது ஆவுதே?"

"ஆம்பளைக்கு என்ன அண்ணாச்சி கழுத்து!"

பெற்ற மகளின் முகத்துக்கே கூசுகிறவள் இந்தக் கழுத்துக்குக் கூசவில்லையே என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது. "ஏளா, நீ வெளிய நில்லு. நீ நின்னா பிள்ளை முகம் விரியாது."

அவள் முணுமுணுத்தபடி போனாள். ஜேசுபாதம் ஜன்னல் திரையைப் பாதி இழுத்தார். எதிரே இருப்பவர் காமிராவை மறக்கும்வரை காத்திருப்பதுதான் அவர் வழக்கம். யுத்தம் முடிந்தும் படம் பதியும் கண்ணாடி பிளேட்டுக்குப் பஞ்சம். இரண்டாவது படம் எடுக்க வழியில்லை.

"இடது கன்னம் வெளிச்சத்துக்கு வர்ற மாதிரி அந்தப் பக்கம் திரும்பு தாயி." ஆக்னஸ் திரும்பினாள். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தபோது, வலது கன்னத்தை மறுபடி வெளிச்சத்துக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தாள். ஆத்தாளுக்கு இல்லாத தைரியம் மகளுக்கு இருக்கிறதே என்று அவர் மனம் குளிர்ந்தது.

துறைமுகத்தில் சங்கு ஊதியது. அவள் கண்ணை உயர்த்தினாள். அந்த நொடியில் லென்ஸ் மூடியைத் திறந்து மூடினார்.

மறுநாள் காலை தாயும் மகளும் வந்தார்கள். படத்தில் ஒரு குழிகூட மறையவில்லை. ஆனாலும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"மாதாவே! தழும்போடயே இம்புட்டு லட்சணமா? அந்த மனுசன் அடுத்த தோணியிலயே வந்து நிப்பாரு!" அல்போன்சா தோணிக்காரனை நிறுத்திவைக்கக் கடற்கரைக்கு ஓடினாள்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஆக்னஸின் கண்ணில் நீர் முட்டியது.

"எதுக்கு அழுவுத தாயி? ஒரு பொய்யும் இல்லாம எடுத்திருக்கேன்லா?"

அவள் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தழும்பு போட்டுக் குடுங்க அண்ணாச்சி, அந்தக் கிழவன் என்னைய வேண்டாம்னு சொல்லணும்."